கொம்பு அத்தையின் நிறம்

டைனோசர்கள் என்ன நிறத்தில் இருந்தன என்று கேட்டால் விஞ்ஞானிகளே கொஞ்சம் இருமிவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். எலும்பு கிடைத்திருக்கிறது, பல் கிடைத்திருக்கிறது, முட்டைகூடக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை கறுப்பா சிவப்பா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அந்தத் தெரியாத இடத்தில்தான் ஷேடு பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தாள்.

ஷேடு என்பது பெயிண்ட் கடை அவளுக்கு வைத்த பெயர். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அந்தக் கடையில் நிறம் கலக்கும் கவுண்டரில் அவள்தான் நின்றாள். நிறம் பார்க்கக் கடையில் ஒரு மெஷின் இருந்தது. வழவழப்பான அட்டையைக் காட்டினால் அது ஒழுங்காகப் படிக்கும். ஆனால் மக்கள் அட்டையையா கொண்டுவருகிறார்கள்? ஓர் அம்மாள் உடைந்த டீக் கோப்பையின் கைப்பிடியை மட்டும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, "கூடம் பூரா இதே கலர் வேணும்" என்பாள். ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் தலையணை உறையைச் சுருட்டி எடுத்துவருவார். மெஷின் திணறும். ஷேடு அந்தப் பொருளை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பாள், ஒரு கண்ணை மூடுவாள், "வெள்ளையில மஞ்சள் ரெண்டு சொட்டு, கறுப்பு அரைச் சொட்டு" என்பாள். டப்பாவைத் திறந்தால் டீக் கோப்பை உள்ளே இருக்கும்.

குழந்தைகள் புத்தகம் போடும் சின்னப் பதிப்பகம் ஒன்றின் எடிட்டர் ஒரு நாள் அந்தக் கடைக்கு வந்தார். ஆபீஸ் கதவுக்கு அடிக்க, தேய்ந்துபோன ஆரஞ்சுப் பென்சிலின் நிறம் வேண்டும் என்றார். ஷேடு கலந்து கொடுத்ததைப் பார்த்து, சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க டைனோசருக்குக் கலர் அடிப்பீங்களா?"

"எத்தனை சதுர அடி மேடம்?" என்றாள் ஷேடு.

எடிட்டர் சிரித்த சிரிப்பில் வேலை உறுதியாகிவிட்டது.

வேலை இதுதான். சிறுவர்களுக்கான டைனோசர் கதைகளை ஒரு பல் டாக்டர் எழுதுவார். ஒரு பேஷண்டுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்யும்வரை பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர் அவர். அதனால் அவர் கதைகளில் யார் வந்தாலும் முதலில் பல்தான் வரும். டைனோசர் ஒன்று சிரித்தால் ஒரு பாரா முழுக்கப் போய்விடும். அவர் எழுதியதற்கு வேறு ஊரில் இருக்கும் ஓர் ஓவியர் வெறும் கோடுகளாகப் படம் வரைந்து அனுப்புவார். அந்தக் கோடுகளுக்குள் தோல் போர்த்துவது ஷேடின் பொறுப்பு.

முதல் படம் மேசைக்கு வந்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை. கழுத்து நீண்ட ஒரு பிராணி, வெள்ளைக் காகிதத்தில் நிர்வாணமாக நின்றது. காட்டி மேட்ச் பண்ணச் சொல்ல, கைப்பிடியோ தலையணை உறையோ கொண்டுவரும் வாடிக்கையாளர் இல்லை. பச்சை அடிக்க மனம் வரவில்லை. ஊரில் உள்ள பச்சை டைனோசர் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் பழக்கதோஷம் கைகொடுத்தது. எழுந்துபோய் மாடிப்படிச் சுவரில் உரிந்து தொங்கிய சுண்ணாம்பு ஏட்டைப் பிய்த்துவந்தாள். நீண்ட கழுத்துக்காரனுக்கு அந்தச் சாம்பல் நீலம் அப்படிப் பொருந்தியது.

பிறகு வீடே அவளுக்கு ஷேடு கார்டாகிவிட்டது. மூன்று கொம்புக்காரனுக்குக் குளியலறைக் கால்மிதி. பெரிய வாய்க்காரனுக்குப் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் கிழிந்த சீட் உறை. முதுகில் தகடு தகடாக நிற்கும் ஸ்டெகோசாரஸுக்குக் கணவனின் கட்டம் போட்ட சட்டை. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் புத்தகம் வந்த நாளிலிருந்து அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ரிப்பேருக்குப் போகிற கட்டடங்களில் எல்லாம் திறந்து காட்டினான். "இது யாரு சட்டை தெரியுதா? பாருங்க. இப்போ போட்டிருக்கேனே, இதேதான்." மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் முதலில் பார்க்க நேர்ந்தது அந்த ஸ்டெகோசாரஸைத்தான்.

வீட்டில் இந்தப் பெருமைக்கு மசியாதவர் ஒருவர் உண்டு. ஷேடின் நாத்தனார். கணவனுக்கு மூத்தவர், ஆரம்பப் பள்ளி டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்கவைத்து, இந்த வீட்டையும் கட்டியவர் அவர்தான். அவருடைய குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீழே நின்று தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரரும் கை கழுவிவிடுவார். பள்ளியில் பிள்ளைகள் அவர் இல்லாத நேரத்தில் அவரை ஹாரன் டீச்சர் என்பார்கள். அது அவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் நல்ல வெளிச்சம் வரும் அறை ஒன்றுதான். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அது நாத்தனாரின் அறை. மற்ற ஜன்னல்கள் எல்லாம் பக்கத்துக் கட்டடத்தின் செங்கலை முட்டிக்கொண்டு நின்றன. ஆரம்பத்தில் ஷேடு சமையலறை பல்பு வெளிச்சத்தில் ஒரு டைனோசருக்கு நிறம் கொடுத்துப் பார்த்தாள். ஆபீஸில் கொண்டுபோய்ப் பகலில் பார்த்தால் அதற்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது.

அதைக் கேள்விப்பட்டு நாத்தனாரே வந்து சொன்னார். "பகல்ல நான் ஸ்கூலுக்குப் போயிடறேன். ரூம் சும்மாதானே கிடக்கு? உன் மேசையை அங்கே போட்டுக்கோ."

"ரொம்ப தாங்க்ஸ் அண்ணி."

"இரு, முடிக்கலை. என் சாமான் எதையும் உன் பல்லிக்குப் போட்டுவிட்றாதே. அவன் சட்டையை நீ ஊருக்கே மாட்டிவிட்ட மாதிரி என்னைப் பண்ணினா, அன்னிக்கே மேசையைத் தூக்கிக்கிட்டு சமையலறைக்குப் போயிடணும். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. சரியா?"

"சரி அண்ணி."

அந்த ஒப்பந்தம் நன்றாகவே ஓடியது. சாயங்காலம் வீடு திரும்பியதும் நாத்தனார் வாசற்படியில் நின்று, "என்னம்மா, பல்லிக்கு மேக்கப் ஆச்சா?" என்பார். ஷேடு தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டு அறையை ஒப்படைப்பாள். அவர் புத்தகங்களைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

பல் டாக்டர் புதிய கதை கொடுத்தபோதுதான் வந்தது வினை. கதாநாயகி ஒரு பாராசாரோலோபஸ். தலைக்குப் பின்னால் வளைந்து நீளும் குழல் போன்ற கொண்டை உள்ள தாவர உண்ணி. அந்தக் குழலில் மூச்சை விட்டு அது சத்தம் எழுப்பியிருக்கலாம் என்கிறார்கள். கதையில் அவள் பெயர் கொம்பு அத்தை. குட்டிகள் சேற்றில் விளையாடினால் ஊதுவாள். மெதுவாகச் சாப்பிட்டால் ஊதுவாள். வேகமாகச் சாப்பிட்டாலும் ஊதுவாள். கூட்டத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒரு நாள் பனிமூட்டத்தில் குட்டிகள் வழிதவறிப் போகும்போது அந்த ஊதல்தான் அவற்றை வீடு கொண்டுவந்து சேர்க்கும். இந்த வகைக்கு வாய்க்குள் நூற்றுக்கணக்கான பற்கள் அடுக்கடுக்காக இருந்தன என்பதால் டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பக்கம் பல்லுக்கே போனது. எடிட்டர் அதை ஒரு பாராவாக்குவதற்குள் தலையால் தண்ணீர் குடித்தார்.

கோடுகள் வந்த வாரம் மழை விடவே இல்லை. ஷேடு எந்தப் பொருளையும் தேடிப் போகவில்லை. உட்கார்ந்ததும் நிறம் தானாக வந்தது. மங்கலான ஊதா, அதில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள். இடது தோளில் ஏதோ ஓர் இலை மாதிரி சாம்பல் தழும்பும் வைத்தாள். இத்தனை சுலபமாக ஒரு பிராணியும் அவளுக்குப் படிந்ததில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "அந்தத் தழும்பு பிரமாதம்! பழைய சண்டை ஒண்ணு இருக்கும்போல" என்றார். எடிட்டர் அட்டைக்கே அந்தப் படத்தைப் போட்டார்.

அச்சான புத்தகம் கைக்கு வந்த சாயங்காலம் ஷேடு அதை ஜன்னலோர மேசையில் நிறுத்திவைத்து ரசித்துக்கொண்டிருந்தாள். பின்னால் குரல் கேட்டது.

"என்னம்மா, பல்லிக்கு மேக்கப் ஆச்சா?"

திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் குளிருக்குச் சால்வை போர்த்தியிருந்தார். மங்கலான ஊதா. சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள். இடது தோளில் கிழிசலைச் சாம்பல் நூலால் இலை மாதிரி இழைத்துத் தைத்த தையல்.

ஷேடு சால்வையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மழை வாரம் முழுக்க இந்தச் சால்வை காயாமல், இதே அறையில், அவள் மேசைக்கு எதிரே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடையில் நின்ற காலத்திலிருந்து எதிரே எது இருக்கிறதோ அதை மேட்ச் பண்ணியே பழகிய கண். அவளைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது. புத்தகத்தைச் சட்டென்று குப்புறக் கவிழ்த்தாள்.

"ஆச்சு அண்ணி" என்றாள். குரல் எலிக்குஞ்சு போல வந்தது.

கணவனிடம் சொன்னாள். அவன் புத்தகத்தைப் பார்த்தான், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

"சிரிக்காதீங்க. உங்க அக்காகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

"நானா? லிஃப்ட் கம்பியில ஒத்தக் கையால தொங்கச் சொல்லு, தொங்குறேன். இதுக்கு ஆளை விடு."

"அப்போ ரூம் போயிடும். நான் மறுபடியும் பல்புக்கு அடியில உட்கார்ந்து மஞ்சள் காமாலை டைனோசர் போடணும்."

"அக்கா உன் புக்கை எப்போ பார்த்திருக்கு? விடு, தெரியவே போறதில்லை."

அவன் வாய்க்கு அடுத்த நாளே பதில் வந்தது. எடிட்டர் போன் செய்தார். புத்தகத்தை வாசித்துக் காட்ட ஒரு பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்களாம். மைக் கிடையாதாம். கடைசி வரிசைவரை கேட்கிற குரல் அந்தப் பள்ளியில் ஒருவருக்குத்தான் உண்டாம். "உங்க வீட்லதான் இருக்காங்களாமே, சொல்லவே இல்லையே நீங்க!"

பயிற்சிக்காகக் கதையை மட்டும் தாளில் அடித்து அனுப்பினார்கள். படங்களை அன்றைக்கு மேடையில் திரை கட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. நாத்தனார் கூடத்தில் நடந்துகொண்டே உரக்கப் படித்தார். ஷேடு சமையலறையிலிருந்து ஒவ்வொரு வரியையும் பயத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கதை பரவாயில்லை" என்றார் நாத்தனார். "ஆனா இந்த அத்தையை யாருமே மதிக்க மாட்டேங்கிறாங்களே. அவ நல்லதுக்குத்தானே கத்துறா?"

"ஆமா அண்ணி, நல்லதுக்குத்தான்."

"இதுக்கு என்ன கலர் அடிச்சே?"

"அது... அங்கே வந்து பாருங்களேன். சர்ப்ரைஸ்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்?

நிகழ்ச்சி நாள் காலை. வெளியே தூறல். ஷேடுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சால்வை அங்கே போகாவிட்டால் படத்தில் இருப்பது யார் என்று ஒருவருக்கும் தோன்றாது. நாத்தனார் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்து வாளியில் முக்கி, சோப்புத்தூளை அள்ளிப் போட்டாள். சற்று நேரத்தில் தண்ணீர் ஊதாவாக மாறியது. அவசரமாக அலசினாள். ஏற்கெனவே மங்கலாக இருந்தது இன்னும் மங்கிவிட்டது.

"என் சால்வை எங்கே?" வீடு அதிர்ந்தது. எதிர்வீட்டில் யாரோ கதவைத் திறந்தார்கள்.

"அழுக்கா இருந்துச்சுன்னு நனைச்சுட்டேன் அண்ணி. இன்னிக்கு அந்தப் பிரவுன் ஸ்வெட்டர் போட்டுக்குங்களேன். உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். சால்வையைப் பிழிந்தார், துண்டில் சுருட்டினார், இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினார். கூடம் முழுக்க நீராவி. மேடைக்குப் போகும்போது அந்தச் சால்வை தோளில் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது.

பள்ளி ஹாலில் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் எடிட்டர், பல் டாக்டர், பக்கத்தில் முகத்தில் ஈயாடாத ஷேடு. நாத்தனார் திரைக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்து நின்றார். தாளை நீட்டிப் பிடித்தார். ஆரம்பித்தார்.

முதல் இரண்டு படத்தில் ஆறும் மரங்களும்தான். மூன்றாவது படம் திரையில் வந்தது. ஊதாத் தோல், மஞ்சள் புள்ளி, தோளில் தழும்பு, வாயைத் திறந்து ஊதும் கொம்பு அத்தை. அதற்கு நேர் கீழே அதே ஊதா, அதே புள்ளி, அதே தையல், வாயைத் திறந்து படிக்கும் டீச்சர். வரிசை வரிசையாகத் தலைகள் மேலே போய்க் கீழே வந்தன. யாரோ விக்கினார்கள். சலசலப்பு கடைசி வரிசைவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது.

"என்ன சத்தம்?" என்றார் நாத்தனார்.

முன்னால் இருந்த, பல் விழுந்த ஒரு குட்டிப்பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், அது நீங்க."

நாத்தனார் மெதுவாகத் திரும்பினார். திரையைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் ஒரு முகத்தைத் தேடினார். அந்த முகம் நாற்காலிக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"ஆமா, நான்தான்" என்றார் அவர். "உட்காரு. கதையைக் கேளு."

அடுத்த வரியில் கொம்பு அத்தை ஊத வேண்டும். தாளில் வெறுமனே 'ஊதினாள்' என்றுதான் இருந்தது. நாத்தனார் மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினார். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில் விழுந்து உருண்டது. பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து, பிறகு கத்தித் தீர்த்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஊதச் சொன்னார்கள். பனிமூட்டம் வந்த இடத்தில் அவர் தணிந்து, நீளமாக, விட்டுவிட்டு ஊதியபோது மட்டும் ஒருவரும் அசையவில்லை. பல் டாக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாத்தனார் பேசவில்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை. தம்பியைச் சாப்பிடக் கூப்பிடக்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரர் அன்று தாமதமாகத்தான் சாப்பிட்டிருப்பார்.

மறுநாள் விடுமுறை. காலையில் ஷேடு தானாகவே அறைக்குப் போய்ப் பெயிண்ட் ட்யூபுகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். கடைசித் தூரிகையைத் துடைக்கும்போது நாத்தனார் உள்ளே வந்தார். ஒரு கையில் சால்வை, இன்னொரு கையில் சின்னக் கத்தரிக்கோல்.

"என்ன பண்றே?"

"ரூமைக் காலி பண்றேன் அண்ணி. நீங்கதான் அப்பவே சொன்னீங்களே."

"சொன்னேன். அது இருக்கட்டும். முதல்ல இங்கே வா, ஜன்னல்கிட்ட."

அவர் சால்வையின் ஓரத்தைத் திருப்பிப் பிடித்தார். மடித்துத் தைத்த விளிம்பு. கத்தரிக்கோலின் நுனியால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். மடிப்பை விரித்தார்.

உள்ளே இருந்தது வேறொரு ஊதா. வெயிலும் தேய்ப்பும் படாத, கத்தரிக்காய்த் தோல் போலப் பளபளக்கிற, கண்ணைக் கட்டி இழுக்கிற ஊதா. அதில் இருந்த ஒற்றைப் புள்ளி எலுமிச்சம்பழம் மாதிரி மின்னியது.

"முதல் சம்பளத்துல வாங்கினது" என்றார் நாத்தனார். "இதைப் போட்டுக்கிட்டு நான் ஸ்கூலுக்குள்ள நுழைஞ்சப்போ வாட்ச்மேன் எழுந்து நின்னார் தெரியுமா? நீ என்னடான்னா வெளுத்துப்போன கலரை எடுத்து அட்டையில போட்டிருக்கே. ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் கொம்பு அத்தை இப்படித்தான் சாயம் போய்க் கிடந்தான்னு நினைக்கும்."

ஷேடுக்குக் கண் விரிந்தது. "அண்ணி... கோபம் அதுக்கா?"

"வேற எதுக்கு? ஊதுறது நல்லாத்தானே இருக்கு. எல்லாரையும் கொண்டுவந்து வீடு சேர்க்கிறா. சிரிச்சாங்க, சிரிக்கட்டும். கடைசியில ஒரு பயலும் சிரிக்கலை, பார்த்தே இல்ல?"

"பார்த்தேன் அண்ணி. அடுத்த பதிப்புல மாத்திடலாம். எடிட்டர்கிட்ட நான் பேசறேன். அந்தத் தழும்பையும் எடுத்துடறேன்."

"தழும்பை ஏன் எடுக்கிறே? அது நானே தைச்சது. இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம், நேத்து வாளியில முக்கினவ சோப்பை இவ்வளவு போட்டிருக்க வேண்டாம்" என்றார்.

ஷேடு தரையைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ட்யூபுகளை மறுபடி மேசையில் வைத்தாள். தட்டில் நிறம் கலந்தாள். நாத்தனார் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"இன்னும் கொஞ்சம் சிவப்பு."

"சிவப்பு போதும் அண்ணி, நீலம்தான் குறையுது."

"நான் சொல்றேன்ல? என் சால்வை."

"கலக்கறது நான் அண்ணி."

நீலம்தான் குறைந்திருந்தது. ஒரு சொட்டு விட்டதும் தட்டில் இருந்ததும் மடிப்பில் இருந்ததும் ஒன்றாகிவிட்டன. நாத்தனார் "ம்" என்றார். அவர் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியவர்களுக்கும் அதே "ம்" தான் கிடைக்கும்.

இரண்டாம் பதிப்பு பளபளவென்று வந்தது. பல் டாக்டர் அடுத்த கதையையும் கொடுத்துவிட்டார். இந்த முறை அலகு வைத்த, வாயில் பல்லே இல்லாத ஒரு டைனோசராம். எழுதும்போது அவருக்குக் கை நடுங்கியிருக்கும் என்று எடிட்டர் சொல்லிச் சிரித்தார். கோடுகள் வந்து சேர்ந்த அன்று ஷேடு அவற்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோர அறைக்குப் போனாள்.

அவள் மேசைக்கு நேர் எதிரே, கண்ணில் படாமல் தப்பவே முடியாத இடத்தில், நாத்தனாரின் கடுகுநிறக் குடை விரித்துக் காயவைக்கப்பட்டிருந்தது. வெளியே வானத்தில் மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குகூட இல்லை. மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது.